திரும்பிப் பார்க்க இரண்டடி

தானா ராத்தாவில் எங்கள் சபை புதிதாகக் கட்டியிருக்கும் ஞானஸ்நானத் தொட்டியைப் பார்க்க வரச்சொல்லிப் போன மாதம் கூப்பிட்டார்கள். போனேன். நீல ஓடு பதித்த தொட்டி. இந்தப் பக்கம் நான்கு படி, அந்தப் பக்கம் நான்கு படி, இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி. சுவரில் ஹீட்டர். கையை விட்டுப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் வெந்நீர். இருபத்தெட்டு வருஷம் இந்த மலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற உடம்பு என்னுடையது. அந்த இளஞ்சூட்டை நம்புவதற்கே விரல்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எப்படி சிஸ்டர், ஓகேயா?" என்றாள் ஜெனிபர். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்ப்பவள்.

"எல்லாம் நல்லா இருக்கு. அகலம் பத்தல. இன்னும் ரெண்டடி வேணும்."

"ரெண்டு பேரு நின்னு ஒருத்தர முக்க எடம் இருக்கே. இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போயிட்டே இருக்கலாம் லா."

"போயிட்டே இருக்கலாம். நின்னு திரும்ப முடியாது."

"எதுக்குத் திரும்பணும்?"

பக்கத்தில் கான்ட்ராக்டர் வேறு அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். இது அதுதான்.

நான் போதகர் அல்ல, ஊழியக்காரி. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களுக்கு எட்டு வாரம் பாடம் நடத்துவதும், அந்த நாள் வந்ததும் போதகரோடு ஆற்றில் இறங்கிப் பெண்களைத் தாங்கிப் பிடிப்பதும் என் வேலை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஈப்போ பக்கம் ஒரு வேதாகமப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தேன். வெயில், கொசு, ஆர்மோனியம், தூக்கக் கலக்கத்தில் நெட்டுருப் போட்ட கிரேக்கச் சொற்கள். இரட்சிப்பைப் பற்றி நாற்பது பக்கம் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட ஆற்றுக் கூழாங்கல்லில் காலை எப்படி ஊன்றுவது என்று சொல்லவில்லை.

அதைச் சொன்னது ஆறுதான். பாலத்தடி என்போம் அந்த இடத்தை. தேயிலை ஃபேக்டரிக்குக் கீழே, லாரிப் பாலத்துக்கு அடியில் ஆறு ஒரு முழங்கையைப் போல மடங்கும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கரை செங்குத்து. இறங்கினால் ஏற முடியாது. பாலத்தடியில் மட்டும் மணல் சரிவு, பத்துப் பேர் சேர்ந்து இறங்கி ஏறலாம். துணி துவைக்க வருகிறவர்களும் அங்கேதான், மீன் பிடிக்க வருகிறவர்களும் அங்கேதான். நாங்களும் அங்கேதான். எல்லோருக்கும் ஒரே கரை என்பது எனக்குப் பல வருஷம் வெறும் வசதியாகத்தான் தெரிந்தது.

எங்கள் போதகர் பாக்கியநாதன் ஐயா, ஈப்போவிலிருந்து பழைய காரில் மலை ஏறி வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் பையில் போடுவார். வேறு யாரிடமும் தரமாட்டார். கவாத்துக் கத்தியால் இரண்டு கோடு கீறிய தேயிலைக் கம்பு ஒன்று வைத்திருந்தார். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றால்தான் இறங்குவோம். அதற்கு முன் ஆற்றின் நிறத்தைப் பார்ப்பார். மேலே காய்கறித் தோட்டங்களில் மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் பால் கலந்த தேநீராக மாறும். மாறினால் அன்றைக்கு இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு எல்லோரையும் கரையேற்றுவார்.

எல்லாம் சரியென்றால், முதலில் அவர் தனியாக இறங்கி ஒரு முழுக்குப் போடுவார். நல்ல குளிரில், பல் கிட்டிக்க எழுந்து வருவார். "எதுக்குங்கய்யா, கடைசியில எப்படியும் நனையத்தானே போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் காஞ்சுபோய் நின்னுகிட்டு அவங்கள நனையச் சொல்றது மரியாத இல்ல, எஸ்தர்."

வெள்ளை அங்கிகளை நானே தைத்தேன். கீழ் விளிம்பை மடித்து, மடிப்புக்குள் விரல் நகம் அளவுக் கூழாங்கற்களை வரிசையாக வைத்துத் தைப்பேன். இல்லையென்றால் தண்ணீரில் அங்கி குடைபோல விரிந்து மேலே வரும். கரையில் ஊரே நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கூச்சம் வேறில்லை. என் இடது கை அவர்கள் பிடரியில். வலது கை, அவர்கள் மார்பில் குறுக்காகக் கட்டிய கைகளின் மேல். 'பிதா' என்னும்போது மூச்சை இழு, 'குமாரன்' என்னும்போது நிறுத்து, 'பரிசுத்த ஆவி' என்னும்போது முட்டியை மடக்கு, இடுப்பை மடக்காதே. வீட்டில் பெட்டில் சாய்கிற மாதிரி என் கையில் சாய். இதைக் கரையில் வைத்து ஒவ்வொருவரிடமும் மூன்று முறை சொல்வேன்.

முதல் வருஷம் சொல்லத் தெரியாது. தோட்டக் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டு அம்மா, நல்ல ஆகிருதி, பயத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டார். இருவரும் இருமிக்கொண்டே எழுந்தோம். கரை முழுக்கச் சிரிப்பு. ஐயா முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "எஸ்தருக்கு ரெண்டாவது தடவ. பரவால்ல, கணக்குல சேக்க வேணாம்" என்றார். அன்றைக்குப் பிறகு என் கையிலிருந்து ஒருவரும் நழுவியதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கரையில் ஐயா மூன்று கேள்வி கேட்பார். பாவத்தை விட்டுத் திரும்புகிறாயா? இயேசுவை ஆண்டவராக விசுவாசிக்கிறாயா? மூன்றாவது, அவரே வைத்துக்கொண்ட கேள்வி: "ஏன் இன்னிக்கு?" அதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதிலை எடுத்துக்கொடுக்க மாட்டார், என்னையும் விடமாட்டார்.

திரிங்காப் என்ற ஊரிலிருந்து ஒரு காய்கறி லாரி டிரைவர் வந்தார். மொட்டைத் தலை, நாற்பத்தெட்டு நாள் விரதம், மஞ்சள் வேட்டி. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது 'இயேசப்பா' என்று கத்தினாராம், லாரி மண்மேட்டில் மோதி நின்றதாம். நேர்ந்துகொண்டதைச் செலுத்த வந்திருந்தார். ஏன் இன்றைக்கு என்றதும் அதைச் சொன்னார்.

"வேண்டுதல் பாக்கி வைக்கக் கூடாதுங்கய்யா."

"லாரிய நிறுத்துனது ஒங்க முடிக்காக இல்லையே தம்பி. நீங்க கத்துறப்ப தலையில முடி இருந்துச்சு, விரதம் இருக்கல. அப்பவே நிறுத்திட்டாரே."

டிரைவர் மொட்டைத் தலையைத் தடவினார். பிறகு, "அப்ப நான் என்னதான் குடுக்குறது?" என்றார். குரலில் கோபம் இருந்தது. கொடுக்க ஒன்றும் இல்லை என்பது உழைக்கிற மனுஷனுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐயா அவரைத் திருப்பி அனுப்பினார். முடி வளர்ந்த பிறகு, வெறும் சட்டையும் கால்சட்டையுமாக வந்து முழுகினார். சும்மா கிடைத்ததைச் சும்மா வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ள அவருக்கு அவ்வளவு நாள் ஆனது. நாற்பது பக்கத்தில் நான் எழுதியதை அவர் தலைமுடி வளர்கிற நேரத்தில் படித்தேன்.

இனி அஞ்சலை.

அஞ்சலையக்கா தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் மாணிக்கம், ஃபேக்டரியில் வேலை. ஒரே மகன் குமார். பத்தொன்பது வயதில் கோலா தெர்லா போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கிப் போய்விட்டான். அது நடந்து ஒரு வருஷம் கழித்து அக்கா என் வகுப்புக்கு வந்தார். எட்டு வாரத்தில் ஒரு நாள் தவறவில்லை. படிக்காதவர், ஆனால் நான் சொன்னதை மறுவாரம் எனக்கே திருப்பிச் சொல்வார், நான் சொன்னதைவிட நன்றாக.

மாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. வழியில் பார்த்தால் கிண்டல்தான். "சிஸ்டரம்மா, குளுருல முழுகுனாத்தான் சொர்க்கமா? எங்க வீட்டு பாத்ரூம்ல பைப்பு இருக்கு. நான் தெனம் போயிட்டுத்தான் வரேன்."

ஐந்தாவது வாரம், இரட்சிப்புப் பாடம். அக்கா கேட்டார்: "குமாரு முழுகலியே சிஸ்டர். அவன் எங்க இருக்கான்?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். பள்ளியில் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன், விசுவாசித்து முழுகினவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம் என்று. சுத்தமாக, பிழையில்லாமல். அவர் தலையாட்டினார். எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் கலந்து கொண்டுவந்தார். எனக்குக் கொடுத்த கோப்பையில் சீனி இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

எட்டு வாரமும் முடிந்த ஞாயிறு பாலத்தடியில் வயிற்றுவலி என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அடுத்த முறை. அங்கி போட்டுக்கொண்டு வந்தார், பாதம் நனைந்தது, அப்படியே திரும்பி நடந்தார். அதற்கும் அடுத்த முறை முட்டிவரை இறங்கினார். நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆறு போகிற திசையைப் பார்த்தார். பிறகு அங்கியின் கற்கள் காலில் இடிக்க இடிக்க ஓடியே போய்விட்டார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்த் திட்டினேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "ஒங்களுக்கு விசுவாசம் பத்தலக்கா. ஊருக்கும் புருஷனுக்கும் பயப்படுறீங்க. ஐயா நேரத்த வீணாக்குறீங்க."

மாணிக்கம்தான் உள்ளேயிருந்து வந்தார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. "அவ எனக்குப் பயப்படுறவளா? என்னான்னு தெரியாம பேசாதீங்க சிஸ்டர். போங்க."

வீட்டுக்கு வந்து, பட்டியலில் அவர் பெயரைப் பென்சிலால் அடித்தேன். அடித்த பிறகு தூக்கம் வரவில்லை. என்னான்னு தெரியாம. அந்தச் சொல் குடைந்துகொண்டே இருந்தது. எனக்கு என்ன தெரியவில்லை?

மறுநாள் பத்துமணித் தேநீர் வேளைக்குத் தோட்டத்துக்கே போனேன். செடிகளுக்கு நடுவில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து போத்தலில் இருந்து கறுப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஈர மண்ணில் உட்கார்ந்தேன்.

"நேத்து பேசினது தப்புக்கா. என்னான்னு சொல்லுங்க."

போத்தல் மூடியில் ஊற்றி எனக்கும் நீட்டினார். கொழுந்து வெட்டும் கத்திரியின் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"குமாருக்குப் பதினாறாம் நாள் கருமாதி எங்க செஞ்சோம்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் சொல்வதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

"பாலத்தடியில. அங்கதான சரிவு இருக்கு. பொம்பளைங்க வர வேணாம்னாங்க, நான் கேக்கல. சடங்கு செஞ்ச பண்டாரம் சொன்னாரு, மூணு முழுக்குப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம கரையேறணும், பாத்தா அவன் போகமாட்டான், ஒங்களையே சுத்திக்கிட்டு அல்லாடுவான்னு. புள்ள நல்லபடியா போகட்டும்னு நானும் முழுகிட்டு, கழுத்து நரம்பு தெறிக்க, திரும்பாம வந்தேன். இங்க பாருங்க, இன்னும் வலிக்குது." கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இப்ப அதே தண்ணியில மறுபடி முழுகச் சொல்றீங்க. மொத தடவ பாதிதான் விட்டேன் சிஸ்டர். இன்னொரு முழுக்குப் போட்டா மிச்சமும் போயிருமே. நீங்களே சொல்லிட்டீங்க, அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்னு."

மூன்று முறை பின்வாங்கியவர் தைரியமில்லாதவர் என்று நான் பெயரை அடித்திருக்கிறேன். பயந்த முகம் இல்லை அது. பிடித்த கையை விடாத தாயின் முகம்.

"அக்கா, அன்னைக்கு நான் ஒப்பிச்சது பாடம். குமாரு எங்கன்னு எனக்குத் தெரியாது. அது கடவுள் மட்டும் சொல்ற எடம், நான் பேசியிருக்கக் கூடாது." போத்தல் மூடியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "ஆனா ஒண்ணு தெரியும். இந்த முழுக்கு கருமாதி இல்ல. கருமாதியில செத்தவன அனுப்பிட்டு உசுரோட இருக்கறவங்க கரையேறுறோம். இதுல நம்மளே சாவுக்குள்ள எறங்குறோம், ஆண்டவர் எறங்குன மாதிரி. அவரு எந்திரிச்சாரு, அதனால நம்மளும் எந்திரிக்கிறோம். யாரையும் அறுத்து விடுறதுக்கு இல்லக்கா இது."

தூரத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் விசில் ஊதினார், வேலைக்குத் திரும்ப வேண்டும். எழுந்து கத்திரியை எடுத்த அக்கா கேட்டார்:

"ஒங்க ஆண்டவரு சாவுக்குள்ள போயிட்டு வந்தவருதான? அப்ப அங்க எம்புள்ளயப் பாத்திருப்பாரு இல்ல?"

எந்தப் பள்ளியிலும் இந்தக் கேள்வியை எனக்குக் கேட்டதில்லை. "தெரியாதுக்கா" என்றேன். "போய்க் கேப்போம். ரெண்டு பேரும்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "நீங்க மொத கேளுங்க. ஒங்களத்தான் அவருக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

ஐயாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், என் பென்சில் கோடு உட்பட. கேட்டுவிட்டு, "சேப்பலுக்குப் பின்னால ஒரு பெரிய டாங்கி வெச்சு ரொப்பிருவோம். எந்தத் தண்ணியும் தண்ணிதான்" என்றார். அதை அக்காவிடம் சொன்னபோது மறுத்துவிட்டார். "வேணாம். அவன விட்ட எடத்துலதான் நான் முழுகணும். ஆனா முழுகி எந்திரிச்சா ஒரு தடவ திரும்பிப் பாக்கணும். ஐயா விடுவாரா?"

எங்கள் முறையில் அது இல்லை. எழுந்தவர் நேரே கரையைப் பார்த்து நடக்க வேண்டும், சபை துண்டோடு காத்திருக்கும், அடுத்தவர் இறங்க வேண்டும். பழைய வாழ்வைத் திரும்பிப் பார்க்காதே என்று பிரசங்கமே செய்திருக்கிறோம். சபையில் சிலர் ஒரு மாதிரி பேசுவார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐயாவிடம் கேட்டேன், கெஞ்சவில்லை. "இது குடுத்தே ஆகணுங்கய்யா" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு போன் வந்தது.

"எஸ்தர், முழுகி எந்திரிச்சவங்க எந்தப் பக்கம் பாக்கணும்னு வேதத்துல எங்கயும் இல்ல. முழுசாத் தேடிட்டேன்."

அந்த ஞாயிறு தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. நிறம் தெளிவு. ஐயா தன் முழுக்கைப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார். மாணிக்கம் பாலத்தின் மேல், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கரைக்கும் வராமல் வீட்டுக்கும் போகாமல் நின்றார். அக்காவைக் கடைசியாக வைத்திருந்தோம், பின்னால் யாரும் காத்திருக்கக் கூடாதென்று.

முதல் இரண்டு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். ஐயா மூன்றாவதைக் கேட்டார். "ஏன் இன்னிக்கு?"

"இன்னிக்குத்தான் பயம் போச்சு" என்றார் அஞ்சலையக்கா.

இறங்கினார். பாதம், முட்டி, இடுப்பு. என் இடது கை அவர் பிடரியில். அவர் தொட்டுக் காட்டிய அந்த நரம்பு விரலுக்கு அடியில் கயிறு மாதிரி முறுக்கி நின்றது. பிதா. மூச்சை இழுத்தார். குமாரன். அந்தச் சொல்லில் அவர் கண் என்னைத் தேடியது, நான் பார்த்தேன். பரிசுத்த ஆவி. சாய்ந்தார், முழு பாரத்தையும் என் கையில் விட்டு. அவ்வளவு லேசாக ஒருவரும் சாய்ந்ததில்லை. தண்ணீர் மூடியது. தூக்கினோம்.

எழுந்ததும் கண்ணைத் துடைக்கவில்லை. கரையைப் பார்க்கவில்லை. மெதுவாக, அங்கியின் கற்கள் தண்ணீருக்கடியில் ஒரு வட்டம் சுற்ற, முழு உடம்போடு திரும்பினார். ஆறு பாலத்தைத் தாண்டித் தேயிலைக்குள் மடங்கி மறைகிற இடத்தைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

கரையில் பாட்டு தொடங்கப்போனார்கள். ஐயா கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் உதடு நீலமாகிவிட்டது. என் முட்டிக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இன்றைக்கும் குளிர் கூடி என் முட்டி வலிக்கும்போது அந்த நாளின் வலி எது என்று தனியாகத் தெரியும். மருந்து போடுவதில்லை அதற்கு.

பாலத்தின் மேலிருந்து மாணிக்கத்தின் குரல் வந்தது. "ஏய் அஞ்சல, ரொம்பக் குளுருதுடி. ஏறி வா."

அக்கா திரும்பாமலே பதில் சொன்னார்.

"இருங்க. அன்னைக்குப் பாக்காதத எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மாணிக்கம் இறங்கி வந்தார். சபையார் கையில் இருந்த துண்டை வாங்கிக்கொண்டு தண்ணீரின் விளிம்பில், செருப்பு நனைய, நின்றார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. என் கை அக்காவின் பிடரியிலேயே இருந்தது. அந்த நரம்பு தளர்வது எனக்குத் தெரிந்தது.

ஜெனிபர், கான்ட்ராக்டரிடம் சொல். இரண்டடி.